நல்லகண்ணு கட்டிய ஒட்டு

உங்கள் மாஜிஸ்திரேட் கச்சேரி வாசலில் நிற்கிற கொய்யாமரத்தைக் கவாத்து செய்தவன் யாரென்று தெரியவில்லை. கொம்பை வெட்டும்போது பட்டையைக் கீழ்வரைக்கும் உரித்துவிட்டிருக்கிறான். மழைத்தண்ணீர் அந்தக் காயத்தில் தேங்கினால் தை மாதத்துக்குள் உள்ளே கறையான் ஏறிவிடும். வெளியே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்ததில் பார்க்கத் தகுந்ததாக அது ஒன்றுதான் இருந்தது. யாரையாவது விட்டு அந்த இடத்தில் தார் பூசச் சொல்லுங்கள்.

என்னைச் சாட்சி சொல்ல அழைத்திருக்கிறீர்கள். இறந்துபோன நல்லகண்ணு என்னிடம் எட்டு வருஷம் வேலை பார்த்தவன். அவன் குணம் எப்படி, அவனுக்கும் அவன் மைத்துனன் வைத்தியலிங்கத்துக்கும் என்ன விரோதம் என்று நான் சொல்லவேண்டும். சொல்லுகிறேன். ஆனால் அதோடு நிற்காது. யாரும் என்னை மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. இதை நீங்கள் கேட்டே ஆகவேண்டும் என்று எனக்குத் தெரியும், அதனால் நானே முந்திக்கொள்கிறேன். எழுதுகிறவரை நிதானமாக எழுதச் சொல்லுங்கள்.

என் பெயர் அருமைநாயகம். வயது ஐம்பத்து மூன்று. சங்கரன்கோவில் ஸ்டேஷனுக்கு மேற்கே தண்டவாளத்தைத் தாண்டினால் தெரிகிற மாந்தோட்டத்துக்கு இருபத்திரண்டு வருஷமாக நான்தான் சூப்பரின்டெண்டென்ட். தோட்டத்து முதலாளி மதுரையில் இருக்கிறார். வருஷத்துக்கு இரண்டு தடவை காரில் வந்து, அடர்ந்த மரமாகப் பார்த்து நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டு, இங்கே ஏன் இவ்வளவு வெயில் என்று கேட்டுவிட்டுப் போவார். அந்த அளவுக்கு விவசாயம் தெரிந்தவர்.

நாங்கள் விற்பது பழமல்ல, ஒட்டு மாங்கன்று. இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு மாமரம் என்றால் கொட்டையைத் துப்பிய இடத்தில் முளைப்பது. நல்ல பழத்தின் கொட்டை நல்ல மரமாக வரும் என்று பள்ளிக்கூட வாத்தியார்களே நம்புகிறார்கள். வராது. நல்ல சாதி மரத்தின் கொம்பை நாட்டுக் கன்றோடு சேர்த்துக் கட்டித்தான் எடுக்கவேண்டும். ஒரு வயதுக் கன்றை மண்சட்டியில் வளர்த்து, தாய்மரத்தைச் சுற்றிப் பரண் கட்டி, சட்டியை அதன்மேல் ஏற்றுவோம். கன்றின் தண்டில் இரண்டு அங்குலம் சீவி, மரத்தின் கொம்பிலும் இரண்டு அங்குலம் சீவி, வெட்டுவாய் இரண்டையும் ஒன்றாக வைத்துக் கட்டுவோம். மூன்று மாதம் சட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும். அப்புறம் கொம்பைத் தாயிடமிருந்து அறுத்துவிடலாம். குற்றாலத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் தோட்டத்தில் ஆறு வருஷம் இருந்து நான் இதைக் கற்றுக்கொண்டேன். அந்தத் துரை ஒருநாளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆனால் என் கட்டைப் பிரித்துப் பரிசோதித்ததும் இல்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

நல்லகண்ணு நாற்பத்து நாலில் வந்தான். யுத்தத்தில் நூல் கிடைக்காமல் ஊரில் பாதித் தறிகள் நின்றுபோயிருந்த சமயம். மெலிந்த ஆள், முப்பது வயதிருக்கும். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு பேசினான்.

"அய்யா, எனக்கு அறுந்த நூல முடிஞ்சு போடத் தெரியும். வேற ஒரு வேலயும் தெரியாது."

"இங்கயும் முடிச்சுப் போடுத வேலதாம்லே. உள்ள வா" என்றேன்.

முதல் வருஷம் அவன் கட்டிய நூறு ஒட்டில் தொண்ணூற்றிரண்டு பிடித்தது. என் கையால் கட்டினால் எழுபது பிடிக்கிற வருஷம் நல்ல வருஷம். இந்தக் கணக்கை நான் யாரிடமும் சொன்னதில்லை. வீணாய்ப்போன எட்டைப் பற்றி மட்டும் அவனிடம் பேசினேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். மறுவருஷம் ஐந்துதான் வீணாயிற்று.

நாற்பத்தேழில் என்று நினைக்கிறேன், ஒருநாள் வேலியைப் பிய்த்துக்கொண்டு ஒரு வெள்ளாடு உள்ளே வந்து, தாழ்வான கொம்பு ஒன்றில் இலைகளை முழுவதும் மேய்ந்துவிட்டது. நான் காவல்காரனைத் திட்டியதோடு அதை மறந்துவிட்டேன். பத்து நாள் கழித்து நல்லகண்ணு என்னை அந்தக் கொம்பருகே அழைத்துப்போனான்.

"அய்யா, இங்கன பாருங்க. இலை போச்சு. ஆனா நுனிமொட்டு எப்படித் திரண்டு நிக்கி பாத்தியளா? உசிரு பூரா மொட்டுக்கு வந்துட்டு. இப்பம் இத அறுத்து எங்க கொண்டுபோய் வச்சுக் கட்டினாலும் பிடிக்கும். தாய்மரத்துக்கிட்ட சட்டியத் தூக்கிட்டு வர வேண்டியதே இல்ல."

"ஒனக்கு ஆடு வந்து சொல்லிச்சாக்கும்?"

சிரித்தான். கேலி புரியாமல் சிரிக்கிறவர்களும் உண்டு, புரிந்தும் சிரிக்கிறவர்களும் உண்டு. அவன் எந்த வகை என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியவில்லை.

அவன் மனைவி பிச்சம்மாளுக்கு அவள் அப்பன் எழுதிவைத்த மூன்று ஏக்கர் நிலம் கரிவலம்வந்தநல்லூர் போகிற பாதையில் இருக்கிறது. நீங்கள் அந்த இடத்தைப் போய்ப் பார்த்திருக்கமாட்டீர்கள், பார்க்கவும் அங்கே ஒன்றும் கிடையாது. மேலே ஒரு முழம் செம்மண். அதற்குக் கீழே வெள்ளையாக, மண்வெட்டி பட்டால் தீப்பொறி பறக்கிற சுக்கான்பாறை. எள் விதைத்தால் எள் வராது. வைத்தியலிங்கம் கூட அந்த நிலம் தனக்கு வேண்டாம் என்றுதான் அப்போது அக்காளுக்கு விட்டுக்கொடுத்தான். அதில் மாந்தோப்பு போடப்போவதாக நல்லகண்ணு என்னிடம் வந்து நின்றான்.

"கன்னு கேக்க வந்தியா?"

"இல்ல அய்யா. கன்னு வேண்டாம், கொட்டைதான் போடப்போறேன். சட்டியில வளந்த வேரு வளையம் வளையமாச் சுத்திக்கிடுது. நெலத்துல எடுத்து வச்ச பொறவும் அது சட்டிக்குள்ளயேதான் சுத்துது. கொட்டையக் குழியில போட்டுட்டா ஆணிவேரு நேரா கீழ எறங்கிரும். ரெண்டு வருசம் பொறுத்து அந்த எடத்துலயே ஒட்டுக் கட்டிருவேன்."

"வெட்டவெளியிலயா? இந்த வெயில்ல வெட்டுவாய் அரைமணி நேரத்துல காஞ்சிரும்."

"ஓலையில கூடு மாதிரி முடைஞ்சு மேல கவுத்துப் போடுவேன்."

நான் தடுக்கவில்லை. தோல்வியை விட நல்ல வாத்தியார் கிடையாது என்று அப்போது நினைத்தேன். நாற்பத்தெட்டில் புருஷனும் மனைவியுமாகக் கடப்பாரையால் சுக்கானை உடைத்து நூற்றெண்பது குழி எடுத்தார்கள். ஒவ்வொரு குழியிலும் கோமதியம்மன் கோயில் புற்றுமண் ஒரு பிடி போட்டார்கள். வயிற்றுவலிக்கு அந்த மண்ணைத் தின்கிற ஊர் இது, மாங்கொட்டைக்கு மட்டும் ஏன் குறைவைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நிலத்தில் கிணறு கிடையாது. இரண்டு வயல் தள்ளி இன்னொருத்தர் கிணற்றில் இறைத்து, பிச்சம்மாள் தலையில் சுமந்துகொண்டு வந்து, ஒரு கல்தொட்டியை நிரப்புவாள். அதிலிருந்து மொண்டு மொண்டு ஒவ்வொரு குழிக்கும் ஒரு செம்பு ஊற்றுவாள். நான்கு வருஷம் ஒருநாள் விடாமல் ஊற்றினாள். நல்லகண்ணுக்குப் பகலெல்லாம் என் தோட்டத்தில் வேலை. மரங்கள் அவள் கையில்தான் இருந்தன.

மாதம் ஒருமுறை நான் சைக்கிளில் போய்ப் பார்ப்பேன். பார்க்கத்தான். பிச்சம்மாள் புங்கமரத்தடியில் ஒரு கலயத்தை எடுத்துக் கொடுப்பாள். "அய்யாவுக்குக் குடுக்க மோரு இல்ல, தண்ணிதான் இருக்கு" என்பாள். அந்தக் கலயத்தைக் கல்தொட்டியில் முக்கித்தான் எடுத்திருப்பாள். அந்த நிலத்தில் வேறு தண்ணீர் இல்லை. நானே மூன்று நான்கு தடவை குடித்திருக்கிறேன். இதை ஏன் சொல்லுகிறேன் என்றால், எனக்குத் தெரியாது என்று பின்னால் யாரும் என் சார்பாக வாதாடக்கூடாது.

ஐம்பதில் ஒட்டுக் கட்டினான். என் தோட்டத்தில் இருந்த உயர்ந்த மரங்களில் என் அனுமதியோடுதான் கொம்பு எடுத்தான். பத்து நாள் முன்னால் இலையைக் கிள்ளிவிட்டு, மொட்டு திரண்டதும் அறுத்து, ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு போவான். நூற்றெண்பதிலும் கட்டினான். பிடிக்காதவற்றில் மறுபடி கட்டினான். ஒரு வருஷத்தில் நூற்றெண்பதும் நின்றன.

இந்த வருஷம் தையில் அந்த மரங்கள் பூத்தன. இடுப்பளவு உயரம் கூட இல்லாத செடிகள். நான் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். ஒன்றை நான் நிச்சயமாக எதிர்பார்த்தேன். இந்த மாதிரி ஆட்கள் முதல் பூவைக் கண்டதும் பிள்ளை பெற்ற மாதிரி கொண்டாடுவார்கள், காய்க்க விடுவார்கள், இளங்கன்று காய்ப்பைத் தாங்காமல் அதோடு முடிந்துபோகும். அங்கே பிச்சம்மாள் ஒவ்வொரு செடியாகக் குனிந்து பூங்கொத்துகளைக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்தே பிச்சம்மா?"

"அவுக கிள்ளிரச் சொன்னாக. பச்சப்புள்ளயப் போயி காய்க்க விடலாமா அய்யா? ரெண்டு வருசம் போகட்டும்."

அன்று வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை என்று என் மனைவி கனகமணி சொல்லுவாள். எனக்கு அப்படி ஞாபகம் இல்லை.

மழை இல்லாத வருஷம் என்று உங்களுக்கே தெரியும். எங்களிடம் கன்று வாங்கிப் போனவர்கள் பங்குனி சித்திரையில் வரிசையாக வர ஆரம்பித்தார்கள். நூறு வைத்தேன் தொண்ணூறு போச்சு, ஐம்பது வைத்தேன் எல்லாம் போச்சு. கன்று வைக்கத் தெரியாதவர்கள். அரைமுழக் குழி தோண்டி, சட்டியை உடைத்து, வேரைச் சுருட்டியபடி மண்ணில் திணித்து, சாமியைக் கும்பிட்டுவிட்டுப் போனால் மரம் வளருமா? ஆனால் அதே வெயிலில், அதைவிட மோசமான நிலத்தில், ஒரு தறிக்காரனுடைய நூற்றெண்பது கன்றும் துளிர்விட்டுக்கொண்டிருந்ததை அவர்களில் பாதிப்பேர் போய்ப் பார்த்துவிட்டார்கள். யாரோ முதலாளிக்கும் எழுதிப்போட்டார்கள். ஆனியில் எனக்கு அவரிடமிருந்து கடிதம் வந்தது. புரட்டாசி கடைசியில் விவசாய அதிகாரி ஒருவரை அழைத்துக்கொண்டு அந்தத் தோப்பைப் பார்க்க வருவதாகவும், அவர் சரியென்று சொல்லிவிட்டால் சட்டி வேலையை நிறுத்திவிட்டு நல்லகண்ணுவின் பொறுப்பில் தோட்டத்தைக் கொடுக்கப்போவதாகவும் எழுதியிருந்தார். 'தங்களுக்கும் வயதாகிறது' என்று கடைசியில் ஒரு வரி. கடிதத்தை டைப் அடித்தவன் என் பெயரைத் தப்பாக அடித்திருந்தான்.

அந்த மரங்கள் புரட்டாசிக்குள் பட்டுப்போகவேண்டும் என்று நான் முடிவு செய்தேன். கோபத்தில் அல்ல. ஒரே ஒரு தோப்பைப் பார்த்து ஒரு முறையை மாற்றுவது அறிவுள்ளவர்கள் செய்கிற காரியமல்ல. அதைத் தடுக்கிற பொறுப்பு இந்தத் தாலுகாவில் வேறு யாருக்கு இருக்கிறது?

தோட்டத்து ஸ்டோரில் புழுவுக்கு அடிக்கிற வெள்ளைப் பொடி இருந்தது. பாஷாணம் சேர்ந்தது. சாவி என்னிடம்தான். ஆடி முதல் வாரத்தில் அதில் ஒரு பொட்டலம் மடித்து எடுத்துக்கொண்டு போனேன். பிச்சம்மாள் மட்டும் இருந்தாள்.

"இது சீமை உரம். தொட்டித் தண்ணியில கரைச்சு ஊத்து. மரம் நல்லா வரும்" என்றேன்.

அவள் பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். அந்த ஜனங்கள் பிரசாதம் வாங்குகிற மாதிரி. "கையில பட்டா ஒண்ணும் செய்யாதே அய்யா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் செய்யாது."

விஷம் என்று சொல்லியிருந்தால் அதை மரத்துக்கு ஊற்றியிருக்கமாட்டாள். குடிக்காதே என்று சொல்லியிருந்தால், ஏன் என்று அவள் புருஷன் யோசித்திருப்பான். யோசிக்கிறவன் அவன். ஆகவே இரண்டையும் சொல்லவில்லை. நான் குறிவைத்தது மரங்களை.

நாலாம் நாள் தோட்டத்துக்கே வந்துவிட்டாள். முகம் வாடியிருந்தது. கட்டியிருந்த ஆடு செத்துப்போயிற்றாம்.

"தொட்டியில வாய வச்சிச்சு அய்யா. அதுனால இருக்குமோன்னு..."

"இந்த வெயில்ல கட்டிப்போட்டா ஆடு சாகாம என்ன செய்யும்? தண்ணியில ஒண்ணும் இல்ல. ஊத்துறத நிறுத்திராத."

"எனக்கும் ரெண்டு நாளா வயித்தப் பெரட்டுது."

"போய்ப் படு. சுக்குத் தண்ணி குடி."

எழுதுகிறவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறார். வைக்கவேண்டாம், இன்னும் இருக்கிறது.

ஆடித் தபசுக் கூட்டம் கலைந்து ஐந்தாம் நாள் பிச்சம்மாள் இறந்துபோனாள். வாந்தியும் பேதியும் ஒரு பகலும் ஓர் இரவும். திருவிழா முடிந்து ஊரில் நாலு பேருக்குக் காலரா காண்பது வழக்கம்தானே. சுகாதாரக்காரர்கள் வந்தார்கள். அடுத்தவர் கிணற்றில் மருந்து போட்டார்கள், சுவரில் சுண்ணாம்பு அடித்தார்கள், கல்தொட்டியை எட்டிப் பார்க்காமல் சுற்றி நடந்துபோனார்கள். வந்தவர்கள் எல்லாரும் யூனிபாரம் போட்டிருந்தார்கள். கனகமணி ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோவிலில் நல்லகண்ணு பெயரை ஜெபக் குறிப்பில் கொடுத்தாள். போதகர் உருக்கமாக ஜெபித்தார். நான் ஆமென் சொன்னேன்.

இதுவரைக்கும் கேட்டவர்கள் இதை ஒரு விபத்து என்று சொல்லக்கூடும். எனக்கும் அப்படிச் சொல்லிக்கொள்ள இடமிருக்கிறது. ஆனால் மரங்கள் சாகவில்லை.

முப்பத்தொன்பது பட்டது. அவ்வளவுதான். மற்றவை பத்து நாள் இலையைத் தொங்கப்போட்டுவிட்டு மறுபடி நிமிர்ந்துவிட்டன. ஒன்றைக் குச்சியால் கிண்டிப் பார்த்தேன். நான் கொடுத்தது மேல்மண்ணிலேயே தங்கிவிட்டது. வேர் அதற்கும் கீழே, அவர்கள் உடைத்த சுக்கான்பாறையின் வெடிப்பில் நுழைந்து, எனக்கு எட்டாத ஆழத்துக்குப் போயிருந்தது. சட்டிக் கன்றாக இருந்திருந்தால் நூற்றெண்பதும் ஒரே வாரத்தில் போயிருக்கும்.

பிச்சம்மாளுடைய பதினாறாம் நாள் விசேஷத்துக்கு நானும் போயிருந்தேன். ஜனங்கள் சாப்பிட்டுவிட்டுப் போனபிறகு நல்லகண்ணு மொட்டைத்தலையோடு புங்கமரத்தடியில் வந்து உட்கார்ந்தான். வைத்தியலிங்கம் அங்கேயே எல்லார் முன்னாலும், அக்காள் போனபிறகு நிலம் எனக்குத்தான் என்று ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போயிருந்தான். அதைத்தான் உங்கள் சாட்சிகள் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்லுகிறார்கள்.

"எனக்கு நெலமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம் அய்யா. அவன் எடுத்துக்கிடட்டும்" என்றான் நல்லகண்ணு.

அந்த இடத்தில் நான் எழுந்து வீட்டுக்கு வந்திருக்கலாம். அவன் அந்தத் தோப்பை விட்டுவிட்டுப் போயிருப்பான், வைத்தியலிங்கம் எருமையை விட்டு மேய்த்திருப்பான், புரட்டாசியில் பார்க்க ஒன்றும் இருந்திருக்காது. இதை நான் இப்போதுதான் யோசிக்கிறேன் என்று நினைக்கவேண்டாம். அப்போதே யோசித்தேன். ஆனால் அவன் வேறு எங்காவது போய் வேறு நூறு குழி தோண்டுவான் என்று எனக்குத் தெரியும். கை அப்படிப்பட்டது.

"பிச்சம்மா வளத்த மரம்லா? நாலு வருசம் தலையில சொமந்து ஊத்தியிருக்கா. விட்டுட்டுப் போகலாமாலே?" என்றேன். பையிலிருந்து இரண்டாவது பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். "அவளுக்குக் குடுத்த அதே உரந்தான். பட்டுப்போனது போகட்டும், மத்தத நீ காப்பாத்து. ஒரு மாசம் லீவு எடுத்துக்கோ. இங்கனயே இரு."

அவன் அழுதான். அதுவரைக்கும் அவன் அழுது நான் பார்த்ததில்லை.

"எல்லாரும் நெலத்தப் பத்தித்தான் பேசுதாக. அவ வளத்த மரத்தப் பத்திப் பேசுனது நீங்க ஒருத்தர்தான் அய்யா."

பத்து நாள் கழித்துக் காலையில் போனேன். அவன் புங்கமரத்தடியில் ஒருக்களித்துக் கிடந்தான். வேஷ்டியெல்லாம் அழுக்காக இருந்தது. என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தான். அந்த நிலையிலும் மரியாதை. முடியவில்லை.

"மேக்கு வரிசைக்குத் தண்ணி ஊத்தல அய்யா" என்றான்.

"ஊத்திக்கிடலாம்."

"நாக்கு வறளுது. ஒரு வாய் தண்ணி..."

கலயம் அவன் தலைமாட்டில் இருந்தது. எடுத்து வாயில் வைத்துக் கொடுத்தேன். அங்கே வேறு தண்ணீர் கிடையாது என்று முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். குடித்தான். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. அவன் மூச்சு நின்ற பிறகு தொட்டியில் மிச்சமிருந்ததைச் செம்பால் மொண்டு மேற்கு வரிசைக்கு ஊற்றினேன். தொட்டியை மண்போட்டுத் தேய்த்துக் கழுவினேன். அப்புறம் சைக்கிளில் போய் நானே கிராம முன்சீப்புக்குத் தகவல் சொன்னேன்.

வைத்தியலிங்கம் மூன்றாம் நாளே நிலத்தில் வேலி போட்டான். ஒரு முட்டாளால் இதைவிட அதிகமாக என்னதான் செய்யமுடியும்? முன்சீப்புக்குச் சந்தேகம் வந்து அவர் அதற்குள் உங்களுக்கு எழுதியிருந்தார். பிரேதத்தைப் பரிசோதித்தார்கள், பாஷாணம் என்று ரிப்போர்ட் வந்தது. வைத்தியலிங்கம் வீட்டுக் கூரையில் எலிமருந்து அகப்பட்டது. எலிமருந்து இல்லாத வீடு இந்தத் தாலுகாவில் எத்தனை இருக்கிறது என்று உங்கள் இன்ஸ்பெக்டர் எண்ணிப் பார்க்கவில்லை.

இதற்கு நடுவில் புரட்டாசி கடைசி வந்தது. முதலாளி அந்த அதிகாரியைக் காரில் அழைத்துக்கொண்டு வந்தார். ஐந்து வாரமாக ஒருவரும் தண்ணீர் ஊற்றாத தோப்பு. மேற்கு வரிசையில் ஒன்றும் போகவில்லை. நூற்று நாற்பத்தொன்றும் நின்றன, புதிதாகச் சிவப்புத் துளிர் விட்டுக்கொண்டு. அதிகாரி நல்ல கால்சட்டை போட்டிருந்தார், அதோடு மண்ணில் முழங்காலிட்டு உட்கார்ந்தார். எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்று விரலால் தடவித் தடவிக் கண்டுபிடிக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

"யார் கட்டினது இது?" என்று என்னைக் கேட்டார்.

முதலாளி முந்திக்கொண்டு, "ஒரு நெசவாளி சார். இங்கே எங்களிடம் வேலை பார்த்தவர். பாவம், மச்சினன் மருந்து வைத்துக் கொன்றுவிட்டான்" என்றார்.

அதிகாரி தொப்பியைக் கழற்றிக்கொண்டார். இந்த முறையைப் பற்றி எழுதப்போவதாகவும், அவன் பெயரையே அதற்கு வைக்கவேண்டும் என்றும் சொன்னார். முதலாளி என் பக்கம் திரும்பி, "மிஸ்டர் அருமைநாயகம், இனிமேல் நம் தோட்டத்திலும் இப்படியே கட்டச் சொல்லுங்கள்" என்றார்.

சொல்லிவிட்டேன். ஆட்கள் இப்போது கொம்பில் இலை கிள்ளிக்கொண்டிருக்கிறார்கள். நூற்றுக்கு எண்பது பிடிக்கிறது.

வைத்தியலிங்கத்தை வெளியே விலங்கோடு உட்காரவைத்திருக்கிறீர்கள். வரும்போது பார்த்தேன். என்னைக் கண்டு, "அண்ணாச்சி, நான் செய்யலன்னு நீங்களாவது சொல்லுங்க" என்று அழுதான். மாவிலைக்கும் புன்னை இலைக்கும் வித்தியாசம் தெரியாத மனிதன். நல்லகண்ணு அங்கே என்ன செய்துகொண்டிருந்தான் என்று நாலு வருஷத்தில் ஒருநாள் எட்டிப் பார்க்காதவன். அவனுக்கு வேண்டியிருந்தது வெறும் மூன்று ஏக்கர். இப்படிப்பட்டவன் நல்லகண்ணுவைக் கொன்றான் என்று நீங்கள் எழுதினால், நாளைக்கு அதைப் படிக்கிறவர்கள் இது ஏதோ வாய்க்கால் வரப்புத் தகராறு என்று நினைப்பார்கள். அதைத்தான் என்னால் பொறுக்கமுடியவில்லை. அந்தக் கையின் அருமை என்னவென்று இந்த ஜில்லாவில் தெரிந்தவன் ஒரே ஒருத்தன். பொட்டலத்தை மடித்தவனும் அவன்தான். பிச்சம்மாளுக்குக் கொடுத்தபோது அவள் அந்தத் தண்ணீரைக் குடிப்பாள் என்று எனக்குத் தெரியும். நல்லகண்ணுக்குக் கொடுத்தபோது அவள் அதைக் குடித்துத்தான் செத்தாள் என்றும் தெரியும். இரண்டு வரியையும் அப்படியே எழுதிக்கொள்ளட்டும்.

எங்கே கையெழுத்துப் போடவேண்டும்?

அவன்மேல் எனக்கு விரோதம் இருந்ததா என்று கடைசியில் கேட்டீர்கள். இல்லை. நன்றாக யோசித்துப் பாருங்கள். நான் சொன்னபடி சட்டியில் வளர்த்த கன்றுகளை அவன் நட்டிருந்தால் முதல் பொட்டலத்திலேயே எல்லாம் பட்டுப்போயிருக்கும், இரண்டாவதுக்கு அவசியமே வந்திருக்காது, அவன் இன்றைக்கு உயிரோடு என் தோட்டத்தில் கட்டுக் கட்டிக்கொண்டிருப்பான். நான் கொடுத்தது பொடி மட்டும்தான் ஐயா. நல்லகண்ணுவைக் கொன்றது அவன் கட்டிய ஒட்டு.